வயித்துப் புள்ளைக்கு ஒரு வம்சப் படம்

1

இந்த ஊர்ல, வயித்துல புள்ள இருக்குன்னு போய்ச் சொன்னா யாரும் உடனே சந்தோஷப்பட்டுற மாட்டாங்க. முகத்தைச் சாதாரணமா வச்சுக்கிட்டு, "இந்தக் கர்ப்பத்தை வச்சுக்க விரும்புறீங்களா?"ன்னு கேப்பாங்க. நான் இங்கிலாந்துக்கு, இந்த லீட்ஸுக்கு வந்து பன்னெண்டு வருஷமாச்சு. மழையும் குளிரும் இலங்கை மலைநாட்டுல, நோர்வூட்ல பொறந்தவளுக்குப் புதுசா என்ன? அதெல்லாம் பழகிப்போச்சு. இந்தக் கேள்விதான் இன்னும் பழகல. மூத்தவ நிலா வயித்துல இருந்தப்ப இதைக் கேட்டதும், கடையில எடுத்த சேலையைத் திருப்பிக் குடுக்க வந்தவ மாதிரி நின்னேன். இப்ப முப்பத்தொன்பது வயசுல ரெண்டாவது. இந்தத் தடவை மிட்வைஃப் அம்மா கேட்டு முடிக்கிறதுக்குள்ள "வேணும், வேணும்"னு ரெண்டு தரம் சொல்லிட்டேன். அவங்க சிரிச்சுட்டாங்க.

அதுக்கப்புறம் கேள்வி மழைதான். வீட்ல யாருக்காவது சக்கரை வியாதி? இருக்கு, எங்கப்பாவுக்கு. பிரஷர்? எங்கம்மாவுக்கு, நான் போன் பண்ணாத வாரத்துல கூடும். டவுன் சிண்ட்ரோம் யாருக்காவது? இருக்கு, என் தங்கச்சிக்கு.

யோசிக்கவே இல்ல. யோசிக்கிறதுக்கு அதுல என்ன இருக்கு? சுதா என் தங்கச்சி. அவளுக்கு இப்ப முப்பத்திரண்டு வயசு. காலையில பெரட்டுக்கு, அதான் வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்துக்கு, போறவங்க எல்லாரையும் வாசல் திண்ணையில, எங்க இஸ்தோப்புல நின்னு பேர் சொல்லிக் கூப்பிட்டு, "போய்ட்டு வா"ன்னு அனுப்பி வைப்பா. பெரியவங்க சின்னவங்க பேதம் கிடையாது. கங்காணியையும் "ஏய் ராசு, போய்ட்டு வா"தான். ரொட்டி நல்லாச் சுடுவா, ஆனா எத்தனை பேருக்குன்னு கணக்கு வராது, மாவு தீர்ற வரைக்கும் சுடுவா. வீடியோவுல என்னையக் கண்டா முதல் பேச்சே, "அக்கா, மூஞ்சி வெளுத்துருச்சு, சாப்பிடலயா?"

இவளைத்தான் அன்னைக்கு மிட்வைஃப் அம்மா கம்ப்யூட்டர்ல ஏத்துனாங்க. ஏத்துனது எனக்குப் பெருமையாக்கூட இருந்துச்சு. அவ பேரு லீட்ஸ் வரைக்கும் வந்துருச்சேன்னு.

2

அடுத்து ஸ்கேன். புள்ளையோட பிடரிப் பக்கத்தை அளந்தாங்க, என் கையில ரத்தம் எடுத்தாங்க. கொஞ்ச நாள் கழிச்சு, நான் வேலை செய்யிற ஸ்கூல் குசினியில உருளைக்கிழங்கு உரிச்சுக்கிட்டு இருக்கிறப்ப போன் வந்துச்சு. பதமா, பாசமாப் பேசுனாங்க. இங்க எவ்வளவு பாசமாப் பேசுறாங்களோ அவ்வளவு பயப்படணும்னு எனக்குத் தெரியும். "புள்ளைக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்கிற வாய்ப்பு சாதாரணத்தைவிடக் கொஞ்சம் கூடுதலா வந்திருக்கு. நூத்துல ஒண்ணு."

எனக்குக் கணக்கு அப்படியெல்லாம் சட்டுன்னு ஏறாது. மனசுக்குள்ள எங்க தேயிலைத் தோட்டத்துல கொழுந்தெடுக்கிற பொம்பளைங்களைக் கூப்பிட்டு வரிசையா நிக்க வச்சேன். முதுகுல கூடை, இடுப்புல சுத்துன சாக்குப் படங்கு, எல்லாரும் நிக்கிறாங்க. நூறு பேர் தேறுவாங்க. அதுல ஒருத்திக்கு. சரி, தொண்ணூத்தொன்பது பேருக்கு ஒண்ணும் இல்லதானேன்னு மனசைத் தேத்திப் பாக்கிறேன், முடியல. அந்தத் தொண்ணூத்தொன்பது பேரும் கண்ணுலயே படமாட்டேங்கிறாங்க. அந்த ஒருத்தி மட்டும் வரிசையை விட்டு முன்னாடி வந்து என்னையப் பாக்கிறா.

இதுக்கும் மேல, குடும்பத்துல ஏற்கெனவே ஒருத்தர் இருக்கிறதால மரபணு நர்ஸைப் போய்ப் பாக்கணும்னாங்க. போனேன். அவங்க பேரு ஹெலன். எனக்கு வசதியா இருக்கட்டும்னு போன்ல ஒரு மொழிபெயர்ப்பாளரையும் பிடிச்சு வச்சிருந்தாங்க. அந்த மனுஷன் எந்த ஊரோ தெரியல, "குரோமோசோம் பிறழ்வின் மரபுவழிச் சாத்தியக்கூறு குறித்து"ன்னு ஆரம்பிச்சாரு. நான் ஹெலனைப் பாத்து, "நீங்க இங்கிலீஷ்லயே சொல்லுங்கம்மா, அதுதான் லேசு"ன்னுட்டேன். அவருக்கு நன்றி சொல்லி போனை வச்சோம்.

ஹெலன் சொன்னது இதுதான். இது பெரும்பாலும் பரம்பரையா வர்றது கிடையாது, யாரையும் கேக்காம அதுவா வர்றது. ஆனா ரொம்ப அபூர்வமா ஒரு வகை குடும்ப வழியா வரும். சுதாவுக்கு எந்த வகைன்னு தெரிஞ்சா நல்லது. அதுக்கு முன்னாடி வம்சப் படம் ஒண்ணு வரையணும். பொம்பளைன்னா வட்டம், ஆம்பளைன்னா சதுரம். "ஆம்பளைங்களுக்கு மூலை இருக்கத்தான் செய்யும்"னேன். அவங்களுக்குப் புரிஞ்ச மாதிரி தெரியல.

"நீங்களும் உங்க கணவரும் சொந்தமா?"

"இல்லைங்க. எங்கம்மா என்னைய மாமா மகனுக்குக் குடுக்கணும்னுதான் ஒத்தக் கால்ல நின்னுச்சு. நான் மாட்டேன்னுட்டேன்."

"சுதா உங்க கூடப்பொறந்தவங்களா?"

"பெரியம்மா மக."

"பெரியம்மான்னா?"

"அம்மாவுக்கு அக்கா."

ஹெலன் எங்கம்மா வட்டத்துக்குப் பக்கத்துல ஒரு வட்டம் போட்டாங்க, அது பார்வதி பெரியம்மா. அதுக்குக் கீழ ஒண்ணு, அது சுதா. அந்த வட்டத்தை மட்டும் பேனாவால கறுப்பா நிரப்புனாங்க. மத்த எல்லாரும் வெள்ளையா இருக்க, இவ மட்டும் கறுப்பா இருக்கா.

"ஊர்ல அவங்களுக்குக் குரோமோசோம் பரிசோதனை எதாவது எடுத்திருந்தா கேட்டுச் சொல்லுங்க. இல்லாட்டி உங்க ரத்தத்துலயும் பாத்துருவோம்"னாங்க. சரின்னு தலையாட்டிட்டு வந்தேன்.

3

என் வீட்டுக்காரரு குமார் இங்க பஸ் ஓட்டுறாரு. அவங்க குடும்பம் நோர்வூட் கடைத்தெருவுல துணிக்கடை வச்சிருந்த குடும்பம். நான் தோட்டத்து லயம். அவரு டவுன். அந்தக் கல்யாணம் நடந்த கூத்து தனிக் கதை, அதை இங்க அவிழ்த்துவிட்டா இந்தக் கதை நகராது. ராத்திரிச் சாப்பாட்டுல நான் நடந்ததைச் சொன்னேன். மனுஷன் சோத்துல கை வச்சபடியே நிமிர்ந்து பாத்தாரு.

"ஏம்மா மலரு, பார்வதியம்மா உனக்கு எப்படிப் பெரியம்மா?"

"எப்படின்னா? பெரியம்மான்னா பெரியம்மாதான்."

"உங்கம்மாவுக்குக் கூடப்பொறந்தது எத்தனை பேரு?"

"செல்லையா மாமா ஒருத்தருதான்."

"அப்ப அக்கா எங்கருந்து வந்துச்சு?"

அப்பதான் எனக்கே உறைச்சுச்சு. எங்கம்மாவுக்கு அக்காவே கிடையாது! முப்பத்தொன்பது வருஷத்துல ஒருநாளும் எனக்கு இது தோணல. குமார் சிரிக்க ஆரம்பிச்சவரு, புரையேறி, தண்ணி குடிச்சு, திரும்பவும் சிரிச்சாரு. "அடப்பாவி! பக்கத்துக் காம்பராக்காரியோட மகளைக் கொண்டுபோய் உன் வம்சத்துல ஏத்திட்டு வந்திருக்கியே!"

லயத்துல பொறக்காதவங்களுக்கு இதை எப்படிச் சொல்றது? ஒரே கூரைக்குக் கீழ வரிசையா பன்னெண்டு காம்பரா, குடும்பத்துக்கு ஒரு அறை. பக்கத்துல தும்முனா இங்க "நூறு வயசு"ன்னு சொல்லலாம். எங்கம்மா கல்யாணமாகி அங்க வந்த அன்னைக்குப் பார்வதி பெரியம்மா தேத்தண்ணி ஊத்திக் குடுத்தாங்களாம், எங்கம்மா "அக்கா"ன்னு வாங்கிக் குடிச்சுச்சாம். அவ்வளவுதான், முறை விழுந்துருச்சு. அதுலேர்ந்து அவங்க எனக்குப் பெரியம்மா, அவங்க மக எனக்குத் தங்கச்சி, அவங்க வீட்டுச் சாவுக்கு நாங்க தீட்டு. சும்மா வாய்க்குக் கூப்பிடுறதுன்னு நினைச்சுறாதீங்க. கடைசித் தொங்கல் காம்பரா கணேசன் எதிர் லயத்து ராணி மேல ஆசைப்பட்டான். ரெண்டு வீட்டுக்கும் ரத்தமும் இல்ல, ஒட்டும் இல்ல. ஆனா அண்ணன் தங்கச்சி முறை வச்சுப் பேசிட்டாங்க, முடியவே முடியாதுன்னுட்டாங்க பெரியவங்க. அதுங்க ரெண்டும் பக்கத்து ஊரு நோட்டன் பிரிட்ஜுக்கு ஓடிப்போய்க் குடும்பம் நடத்துச்சுங்க. ஒரு புள்ள பொறக்கிற வரைக்கும் லயமே அவங்களோட பேசல.

"எங்க கடைத்தெருவுல பக்கத்துக் கடைக்காரரை முதலாளின்னு கூப்பிடுவோம். அதுக்காக அவரு எனக்குச் சம்பளமா குடுத்தாரு?"ன்னாரு குமார்.

நிலாவுக்கு ஒன்பது வயசு. தமிழ்ல கேட்டா இங்கிலீஷ்ல பதில் சொல்ற வயசு. சோத்தைக் கிண்டிக்கிட்டே கேட்டா, "அப்ப சுதா சித்தி நிஜம் இல்லையா?"

"நிஜம்னா என்னாடி? அடுத்த தடவை ஊருக்குப் போறப்ப கிள்ளிப் பாரு, கத்துவா. அப்பத் தெரியும் நிஜமா பொய்யான்னு."

அவ கண்ணை உருட்டிட்டு எழுந்து போயிட்டா. ஆனா அவ கேட்டது தப்பான கேள்வியும் இல்ல.

4

குமார்தான் யோசனை சொன்னாரு. "எதுக்கும் ஊர்ல கேட்டுரு. உங்க லயத்துப் பாட்டன் பூட்டன் எல்லாம் திருச்சி, மதுரைப் பக்கம் ஒரே ஊர்லேர்ந்து கூட்டமா வந்தவங்கதானே. எங்கயாவது ஒரு ஒட்டு இருந்தாலும் இருக்கும்." நியாயமான பேச்சு. நியாயமான பேச்சைக் கேட்டுத்தான் நான் எப்பவும் வம்புல மாட்டுறது.

ஞாயித்துக்கிழமை அம்மாவுக்குப் போன் போட்டேன். ஸ்கேன் விஷயம், நூத்துல ஒண்ணு, எல்லாம் சொன்னேன். அம்மா பாதியிலயே குறுக்க விழுந்துச்சு. "இதெல்லாம் பாத்து என்னாடி பண்ணப் போற? சரியில்லன்னா மாத்தி வாங்கிட்டு வரப் போறியா?"

"தெரிஞ்சுக்கத்தான்மா."

"நான் மூணு பெத்தேன். என்னாத்தத் தெரிஞ்சுக்கிட்டுப் பெத்தேன்? மாசாமாசம் கிளினிக்குக்குப் போனேன், நிறை பாத்தாங்க, ஊசி போட்டாங்க, வந்தேன். வயித்துக்குள்ள எட்டிப் பாக்கிற வேலையெல்லாம் சாமிக்கு."

நம்ம ஊர்ல பாதிப்பேரு இப்படித்தான் சொல்வாங்க, அம்மாவைக் குத்தம் சொல்ல முடியாது. அங்க தெரிஞ்சாலும் செய்யிறதுக்கு ஒண்ணும் இல்ல, கலைக்கச் சட்டமும் விடாது. கொழும்புல காசு கட்டிப் பாக்கிறவங்க பாக்கிறாங்க. மத்தவங்களுக்குப் பாக்காம இருக்கிறதே நிம்மதி.

அதோட நிறுத்தியிருக்கலாம். நான் வாயைத் திறந்தேன். "அம்மா, ஒண்ணு கேக்கிறேன், கோவப்படாத. பார்வதி பெரியம்மா நமக்கு ரத்த சொந்தமா?"

அம்மா மெதுவாச் சொல்லுச்சு, "என்னா கேள்விடி இது? எனக்கு மஞ்சக்காமாலை வந்து கிடந்தப்ப உனக்கு ஆக்கிப் போட்டது யாரு?"

"அதுக்கில்லம்மா. இங்க கேக்கிறாங்க. சுதாவுக்கு இருக்கிறது நம்ம ரத்தத்துல வருதான்னு..."

"ஏன் மலரு, வராதுன்னு சொல்லிரு."

இது அம்மா குரல் இல்ல. பார்வதி பெரியம்மா. ஞாயித்துக்கிழமைன்னா அவங்க எங்க வீட்டுலதான் உக்காந்திருப்பாங்கன்னு எனக்குத் தெரியாதா? அம்மா ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசும்னு தெரியாதா? புத்தி எங்க மேயப் போச்சோ தெரியல.

"எங்க ரத்தம் எங்களோட இருக்கட்டும். உனக்கு அது ஒட்டாது. பயப்படாம இரு"ன்னு சொல்லிட்டு எழுந்து போயிட்டாங்க. பின்னாடி சுதா, "அக்காவா? அக்காவா? குடு, குடு"ன்னு கத்துறது கேட்டுச்சு. அம்மா போனை வச்சுருச்சு.

அடுத்து நான் பெரியம்மாவுக்கு அடிச்ச போனை அவங்க எடுக்கவே இல்ல. நாளுக்கு ரெண்டு குட்மார்னிங் பூப்படம் அனுப்புற மனுஷி, ஒண்ணும் அனுப்பல.

5

வயித்துல புள்ள இருக்கிறவளுக்கு அறிவுரை இலவசம், எந்த நாட்டுல இருந்தாலும்.

என்னையக் கோயிலுக்குக் கார்ல கூட்டிட்டுப் போற ரஜனி அக்கா யாழ்ப்பாணம். அவங்ககிட்டச் சொன்னேன். வண்டியை ஓரமா நிப்பாட்டிட்டாங்க. "உமக்கென்ன விசரே, மலர்? குடும்பத்தில இப்பிடி இருக்கெண்டு ஆரும் போய் வாயால சொல்லுவினமே? நானெண்டால் டெஸ்டையும் செய்துபோட்டு, வாயையும் மூடிக்கொண்டிருப்பன். நாளைக்கு நிலாவுக்குக் கலியாணம் பேசேக்க கதை வருமெல்லே?" நிலாவுக்கு இன்னும் பால் பல்லே முழுசா விழல, அவங்க கல்யாணம் வரைக்கும் போயிட்டாங்க. ஆனா பாசத்துலதான் சொன்னாங்க, அன்னைக்கு அர்ச்சனையும் என் பேருக்கே வச்சாங்க.

குசினியில என்னோட வேலை செய்யிற ட்ரேசி வெள்ளைக்காரி, மூணு புள்ளக்காரி. மூணுக்கும் எந்த டெஸ்டும் வேணாம்னு சொன்னவளாம். "எப்படியும் பெத்துக்கத்தான் போறேன், அப்புறம் எதுக்கு மாசக்கணக்காப் பயந்துக்கிட்டு?"ன்னா. அட, எங்கம்மா பேச்சை இவ இங்கிலீஷ்ல பேசுறாளேன்னு எனக்குச் சிரிப்பு வந்துருச்சு.

சிரிச்சுக்கிட்டுத் திரிஞ்சேனே தவிர, உள்ளுக்குள்ள நடுங்கிக்கிட்டுதான் இருந்தேன். சொல்றதுக்கு எனக்கென்ன வெக்கம்? எனக்குப் பயமா இருந்துச்சு. சுதாவை எனக்கு உசிரு. ஆனா சுதா மாதிரி ஒரு புள்ளையை இங்க, இந்த ஊர்ல, நான் எப்படி வளக்கிறது? அங்க அவளைப் பன்னெண்டு வீடு வளத்துச்சு, அம்மாகிட்டயும் போன்ல இதைச் சொல்லித்தான் அழுதேன். ஒரு வீட்ல சாப்பிடுவா, ஒரு வீட்ல தூங்குவா, காணோம்னா யாரும் பதற மாட்டாங்க, எங்கயாவது ஒரு காம்பராவுல இருப்பா. இங்க எனக்கு இருக்கிறது மாடியில ரெண்டு ரூம். கீழ் வீட்டுக்காரரு பேரே எனக்குத் தெரியாது. நானும் இவரும் கண்ணை மூடிட்டா அந்தப் புள்ளைக்கு யாரு? நிலா தலையில கட்டிட்டுப் போறதா?

இப்படி நினைக்கிறப்பவே இன்னொரு பக்கம் அழுகையா வரும். வேணாம்னு சொல்றதுன்னா யாரை வேணாம்னு சொல்றது? கண்ணுக்குள்ள வந்து நிக்கிறது சுதாதானே. வயித்துல ஊசி போட்டுப் பனிக்குடத் தண்ணி எடுத்துப் பாக்கிறது ஒரு வழி, அதுல புள்ளைக்குக் கொஞ்சம் ஆபத்து. வெறும் ரத்தத்துல பாக்கிற புது டெஸ்ட் இன்னொரு வழி, ஆபத்து இல்ல. இல்லாட்டி ட்ரேசி மாதிரி ஒண்ணுமே பாக்காம இருக்கலாம். முடிவைச் சொல்லுங்கன்னு ஹெலன் எனக்கு நேரம் குடுத்திருந்தாங்க. குமாரைக் கேட்டா, "உன் உடம்பு, நீ சொல்லு, நான் கூட நிக்கிறேன்"னாரு. இதைச் சொல்றதுக்கு ஒரு புருஷன் எதுக்கு? பஸ்ல முன்னாடி உக்காந்து ஓட்டுறவருக்கு வீட்ல மட்டும் பின் சீட்டு.

6

ஒரு நாள் மத்தியானம் பெரியம்மாவே போன் பண்ணாங்க. குசினிக்குப் பின்னால குப்பைத் தொட்டிகிட்டப் போய் நின்னு எடுத்தேன். எடுத்ததுமே, "பெரியம்மா, நான் அந்த அர்த்தத்துல கேக்கல"ன்னு ஆரம்பிச்சேன்.

"சரி விடு. கோவம் வந்துச்சு, போயிருச்சு. நீ என்னா முடிவு பண்ணியிருக்க?"

"ஒண்ணும் பண்ணல. அம்மா பாக்க வேணாங்குது."

"உங்கம்மா சொல்லும். அவளுக்கென்ன, மூணும் முழுசாப் பொறந்துச்சு."

நான் இதுவரைக்கும் பெரியம்மா வாயிலேர்ந்து இப்படி ஒரு பேச்சைக் கேட்டதில்ல.

"சுதா பொறந்தப்ப ஆஸ்பத்திரியில ஒருத்தரும் எனக்குச் சொல்லல மலரு. டொக்டர் வந்து பாத்தாரு, நர்ஸ்கிட்ட இங்கிலீஷ்ல என்னமோ சொன்னாரு. நர்ஸ் இன்னொருத்திகிட்டச் சிங்களத்துல சொன்னா, ‘பவ்’னு சொன்னது மட்டும் காதுல விழுந்துச்சு. பாவம்னு சொல்றான்னு புரிஞ்சுச்சு, எதுக்குப் பாவம்னு புரியல. புள்ள நல்லா செவப்பா இருக்கு, நான் சந்தோஷமாத் தூக்கிட்டு வர்றேன். ஒரு வயசாகியும் உக்காரல. அப்பதான் கிளினிக்ல சொல்றாங்க. என்னையத் தவிர எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு."

"பெரியம்மா..."

"இரு, பேசிக்கிறேன். நீ உங்கம்மாகிட்டச் சொன்னியாமே, சுதாவைப் பன்னெண்டு வீடு வளத்துச்சுன்னு. வளத்துச்சு, இல்லேங்கல. கண்ட வீட்ல சோறு போட்டாங்க. ஆனா இன்னைக்கு வரைக்கும் குளிப்பாட்டுறது நான். மாசாமாசம் அவ துணி அலசுறது நான். நல்ல காரியத்துக்கு வெளிய கிளம்புறவங்க அவ எதிர்ல வந்தா உள்ள போய்த் தண்ணி குடிச்சுட்டு வருவாங்க, அதைப் பாத்துக்கிட்டு இஸ்தோப்புல நிக்கிறதும் நான். நீ சின்னப் புள்ள, உனக்குத் தெரியாது."

எனக்குத் தெரியும். பாத்திருக்கேன். பாத்ததை அப்படி நினைச்சுப் பாத்ததில்ல, அவ்வளவுதான்.

"அப்ப உங்களுக்கு அந்த டெஸ்ட் இருந்திருந்தா..."

"எடுத்திருப்பேன்."

"எடுத்துட்டு?"

தூரத்துல சுதா யாரையோ விரட்டுற சத்தம் கேட்டுச்சு.

"பெத்திருப்பேன்டி. அவ இல்லாம எனக்கு என்னா இருக்கு? ஆனா தெரிஞ்சு பெத்திருப்பேன். அழ வேண்டியதையெல்லாம் முன்னாடியே அழுது முடிச்சுட்டு, அவ வந்தப்ப சிரிச்ச முகமா வாங்கியிருப்பேன். நீ போய்ப் பாரு. பாத்துட்டு வச்சுக்கிறியோ இல்லயோ, அது உன் பாடு. நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன். அந்த நர்ஸம்மாகிட்ட, சுதா நம்ம ரத்தம் இல்லன்னும் சொல்லிரு. தப்பான கணக்கை வச்சுக்கிட்டு அவங்க என்னாத்தப் பாப்பாங்க?"

போனை வச்சுட்டு அங்கயே நின்னு அழுதேன். ட்ரேசி வந்து பாத்துட்டு, ஒண்ணும் கேக்காம, ஒரு கப் டீயைக் கையில திணிச்சுட்டுப் போனா. எங்க தோட்டத்துத் தேயிலையாக்கூட இருக்கலாம், பால் ஊத்திக் கெடுத்து வச்சிருந்தா.

7

ஹெலன்கிட்டப் போய் விஷயத்தைச் சொன்னேன். லயம்னா என்ன, காம்பரா எப்படி ஒட்டி ஒட்டி இருக்கும், முறை எப்படி விழும், எல்லாத்தையும் விளக்கினேன். அந்த மொழிபெயர்ப்பாளர் இருந்திருந்தா என்ன பாடு பட்டிருப்பாரோ. ஹெலன் கன்னத்துல கை வச்சுக் கேட்டுட்டு, "அப்ப இந்தப் படத்துல வேற யாரெல்லாம் பக்கத்து வீட்டுக்காரங்க?"ன்னாங்க. ரெண்டு பேரும் சேர்ந்து பாத்தோம். ஒரு சித்தப்பா போனாரு. ரெண்டு அத்தை போனாங்க. அண்ணன்மாருல முக்கால்வாசி போயிட்டாங்க. கடைசியில என் வம்சம் ஒரு ஓரமா, வெறிச்சுன்னு நின்னுச்சு. இவ்வளவுதானா என் சொந்தம்னு எனக்கு அதிர்ச்சியாப் போச்சு.

சுதா வட்டத்தைக் கடைசியாத்தான் அடிச்சாங்க. அடிக்கிறதுக்கு முன்னாடி என்னைய ஒரு தரம் பாத்தாங்க. நான் தலையாட்டினேன். சரியான காரியம்தான். ஆனாலும் அந்தப் பேனா ஓடுறப்ப நான் தலையைத் திருப்பிக்கிட்டேன்.

குடும்பக் கணக்கு போயிருச்சு, ஆனா நூத்துல ஒண்ணு அப்படியேதான் இருந்துச்சு. ரத்தத்துல பாக்கிற டெஸ்டுக்குக் கையை நீட்டுனேன். "முடிவு எதுவா இருந்தாலும் என்ன செய்யப் போறீங்கன்னு இப்பவே சொல்லணும்னு இல்ல"ன்னாங்க. நல்லவேளை. பெரியம்மா மாதிரி "பெத்திருப்பேன்"னு ஒரே வார்த்தையில சொல்ற தைரியம் எனக்கு வரல. காலையில எழுந்தா பெத்துக்கலாம்னு இருக்கும், மாடிப்படி ஏறுறப்ப முடியாதுன்னு இருக்கும். குமாரும் அந்த நாள்ல ராத்திரியெல்லாம் புரண்டுக்கிட்டு இருந்தாரு. பின் சீட்டுன்னு நான் சொன்னது தப்பு, அந்த மனுஷனும் தூங்கல.

ரெண்டு வாரம் ஆகும்னு சொல்லியிருந்தாங்க, அதுக்குள்ளயே வந்துருச்சு. வாய்ப்பு மிக மிகக் குறைவுன்னாங்க. குசினியிலேர்ந்தே இவருக்குப் போன் போட்டேன். பஸ் ஓட்டுறப்ப எடுக்கக்கூடாது, எடுக்கல. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, விஷயம் கேட்டு, கால் சப்பாத்தைக்கூடக் கழட்டாம கட்டில்ல குப்புற விழுந்து அழுதாரு. அவ்வளவு பெரிய உடம்பு குலுங்கி அழுறதை அன்னைக்குத்தான் பாத்தேன். நிலா பயந்துபோய், "அப்பாவுக்கு என்ன?"ன்னு தமிழ்லயே கேட்டா.

8

அந்த ஞாயித்துக்கிழமை ஊருக்கு வீடியோ போட்டோம். அம்மா, பெரியம்மா, சுதா மூணு பேரும் ஒரே திரைக்குள்ள நெருக்கிக்கிட்டு உக்காந்திருந்தாங்க. விஷயத்தைச் சொன்னேன். அம்மா, "நான்தான் அப்பவே சொன்னேனே"ன்னுச்சு. எப்ப சொல்லுச்சு? முனியாண்டி சாமிக்குச் சேவல் நேந்திருக்கிறதாவும் அப்பதான் சொல்லுச்சு. பாக்காதன்னு சொல்லிட்டு, பாத்தது நல்லபடியா வரணும்னு நேத்திக்கடன் வேற! பெரியம்மா கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "நல்லாயிரு மலரு"ன்னாங்க. மனசாரத்தான் சொன்னாங்க, எனக்குத் தெரியும்.

சுதா எல்லார் மூஞ்சியையும் மாறி மாறிப் பாத்துக்கிட்டு இருந்தா. அப்புறம் போனைப் பிடுங்கி, மூக்குக் கிட்டக் கொண்டுவந்து கேட்டா.

"அக்கா, பாப்பா என்னைய மாதிரி இருக்குமா?"

அம்மா எங்கயோ பாத்துச்சு. குமார் என் தோள்ல கை வச்சாரு. பெரியம்மா மட்டும் அசையாம என்னையவே பாத்துக்கிட்டு இருந்தாங்க. ஏதாவது சொல்லிச் சமாளிச்சிருக்கலாம். அவகிட்ட நான் பொய் சொன்னதே இல்ல, சொன்னா கண்டுபிடிச்சுருவா.

"இல்லடி சுதா. உன்னைய மாதிரி இருக்காதாம். டொக்டர் சொல்லிட்டாங்க."

அவ மூஞ்சி அப்படியே விழுந்துருச்சு.

"ஐயோ, பாவம்"னா.

கண்ணுலேர்ந்து பொலபொலன்னு கொட்டுது. துடைக்கத் துடைக்க வருது. புள்ள அவளை மாதிரி இல்லயேன்னுதான் நான் அழுறேன்னு அவ நினைச்சுட்டா. திரையை உள்ளங்கையால தடவி, எனக்கு ஆறுதல் சொல்ல ஆரம்பிச்சா.

"அழாதக்கா. பரவால்ல விடு. எப்படி இருந்தாலும் நம்ம புள்ளதானே."